உடைக்க முடியாத அச்சு

ஹோட்டல் முதலாளி வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்துச் சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுக்காரர் கதையும் அப்படித்தான். முப்பத்திரண்டு வருடமாக ஊராருக்குப் பல் செட் செய்து கொடுக்கிறார். தன் வாயை மட்டும் எந்தப் பல் டாக்டரிடமும் மனமுவந்து காட்டியதில்லை. முப்பத்திரண்டு பல் இருக்க வேண்டிய வாயில் அவருக்கு மிச்சம் இருபத்திநாலு. போன எட்டும் கீழ்த்தாடையின் பின்பக்கம், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஒவ்வொன்றும் சொத்தையாகி, சீழ் பிடித்து, கன்னம் பன்னாக வீங்கி, மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன பிறகுதான் போனது. தானாக நடந்து போய்ப் பிடுங்கிக்கொண்டது ஒன்றுகூடக் கிடையாது.

அச்சுக்காரர் என்பது கிளினிக்கில் வைத்த பெயர். கிளினிக்கின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறைதான் அவருடைய லேப். ஒரு பக்கம் பிளாஸ்டர் மாவு டப்பாக்கள், நடுவில் பாலீஷ் போடும் மெஷின், மூலையில் மாவு படிந்து பாதி அடைத்துக்கொண்ட தொட்டி. சுவர் முழுக்க அலமாரி, அதில் வரிசை வரிசையாக வெள்ளைத் தாடைகள். டாக்டர் நோயாளியின் வாயில் எடுக்கும் அச்சு இவரிடம் வரும். இவர் அதில் மாவைக் கரைத்து ஊற்றிக் கல் தாடை வார்ப்பார். அதன்மேல் மெழுகு வைத்து, பல் அடுக்கி, ஈறு நிற அக்ரிலிக் பிளாஸ்டிக் ஊற்றி, வேகவைத்து, கடைசியில் சுத்தியலால் கல்லை ஒரு தட்டு. கல் உதிரும், பல் செட் கையில் நிற்கும். அந்தக் கடைசித் தட்டு அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர் சொல்வார். “எல்லாரும் செட் போட்டப்புறம் சிரிக்கிற வாயப் பாக்கறாங்க. எனக்கு வர்றது அதுக்கு முன்னாடி உள்ள வாய்.” உண்மைதான். அச்சோடு ஒட்டிக்கொண்டு ரத்தம் வரும், ஈறுத் துணுக்கு வரும், சில சமயம் ஆடிக்கொண்டிருந்த பல்லே வந்துவிடும். குழாயடியில் அதையெல்லாம் கழுவுகிறவர் அவர்தான். முன்னறையில் டிரில் ஓடும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டால் பாலீஷ் மெஷினைச் சும்மாவேனும் ஓடவிடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சமாக இருக்கும் அந்த நாற்காலிதான் பேய்.

ஆகவே தன் செட்டைத் தானே செய்துகொண்டார். கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே அச்செடுத்து, கீழ்த்தாடைக்கு இரண்டு பக்கமும் பல் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் ஒரு பட்டையால் இணைத்து, கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில் இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி மாட்டினார். வேலை சுத்தம். ஆனால் அந்த மாதிரி செட்டுக்குப் பின்னால் பிடிமானம் கிடையாது. மெல்லும்போதெல்லாம் பின்பக்கம் ஈறில் அமுங்கும், முன்பக்கம் தூக்கும். கொக்கி பிடித்திருந்த இரண்டு பற்களையும் அது நாலு வருடம் ஆட்டி ஆட்டி வைத்தது. அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவர்கள்தானே எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார்கள்.

ஒரு நாள் மதியம் மென்றுகொண்டிருந்தபோது கொக்கி முறிந்து வாய்க் கவளத்தோடு தொண்டைக்குள் இறங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் வயிற்றின் நடுவே தூண்டில் முள் மாதிரி அது கிடந்தது. தானாக வெளியே வரும், வராவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள். மூன்று நாள் மனிதர் படுக்கவில்லை, குனியவில்லை, தும்மலைக்கூட அடக்கினார். தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு நாக்கில் எப்போதும் ஒரு முத்திரை தயாராக இருக்கும். “வந்ததும் கழுவிப் பத்திரமா எடுத்து வைங்க. அடுத்த செட்டுக்கு ஆகும்” என்றாள். அவள் சொன்னது சிரிப்புக்கு. ஆனால் அந்த மூன்று நாளும் அவளும் தூங்கவில்லை.

நாலாம் நாள் கம்பி வெளியே வந்தது. அன்றைக்கே டாக்டர் லேப் வாசலில் வந்து நின்றாள். அவரைவிட இருபது வயது சின்னவள், அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

“அண்ணா, இனிமே கொக்கிய நம்ப முடியாது. பின்னாடி பக்கத்துக்கு ஒரு மினி இம்ப்ளாண்ட் வெச்சுடலாம். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான டைட்டானியம் முளை. தாடை எலும்பில் திருகி இறக்கினால் ஈறுக்கு மேலே ஓர் உருண்டைத் தலை மட்டும் நிற்கும். பல் செட்டின் அடியில் ரப்பர் வளையம் வைத்த சின்ன உலோக மூடி பதிப்பார்கள். மூடி தலையில் ‘டக்’கென்று உட்காரும், செட் ஆடாது, வேண்டும்போது கழற்றிக் கழுவலாம். அப்படி மூடி பதித்த செட்டுகள் எத்தனையோ அவர் கையால் போயிருக்கின்றன. அந்த முளை எலும்புக்குள் எப்படிப் போகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை.

முளை வைத்த நாளைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. நர்ஸ் பேசினாள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகும் மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, டிரில் உதட்டருகே வரும்போதெல்லாம் துள்ளினார். இடது பக்கம் எப்படியோ முடிந்தது. வலது பக்கம் டாக்டர் மூன்று தடவை நிறுத்தினாள்.

“அண்ணா, இந்தப் பக்கம் எலும்பு ரொம்ப ஒல்லி. கீழ நரம்பு ஓடுது. எனக்குக் கெடச்சது இந்த ஒரே எடம். இது கைவிட்டுப் போச்சுன்னா இன்னொண்ணு வெக்க எடமில்ல. ஆடாதீங்க.”

அவர் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்த இடத்தை அவள் ஒரு வாரம் எல்லாரிடமும் காட்டினாள். “அச்சுக்காரர் என் கையிலயே அச்செடுத்துட்டாரு” என்று கிளினிக் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். லேப் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அவமானம் பொங்கிக்கொண்டு வந்தது.

முளை எலும்போடு பிடிக்க மூன்று மாதம். அதுவரை முறிந்த கொக்கிக்குப் பதில் வேறொன்று மாட்டி, செட்டின் அடியைக் குடைந்து, முளையில் படாமல் போட்டுக்கொண்டார். மூன்று மாதம் முடிந்து எக்ஸ்ரே நன்றாக இருந்தது. மூடி பதிக்க வியாழக்கிழமை என்று டாக்டர் குறித்தாள். வேறொன்றுமில்லை, மூடிகளை முளைத் தலையில் வைத்து, செட்டின் குழியில் கொஞ்சம் அக்ரிலிக் குழைத்து விட்டு, வாயில் மாட்டி ஏழு நிமிடம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூடி செட்டோடு வந்துவிடும். ஆனால் அதற்கும் அந்த நாற்காலியில்தான் சாய வேண்டும். திங்கட்கிழமையிலிருந்தே அவர் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

புதன்கிழமை மதியம் கிளினிக் சாத்தியிருந்தது. டாக்டர் மூன்று மணிக்குத்தான் வருவாள். லேப்பில் அவர் மட்டும். “ஏழு நிமிஷ வேலை. இதுக்குப் போயி டாக்டர ஏன் தொந்தரவு பண்ணணும்?” என்று அவர் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பாருங்கள், பயந்தவனுக்குத்தான் எவ்வளவு பரோபகார சிந்தனை வருகிறது!

கண்ணாடியை மாவு டப்பாவின்மேல் சாய்த்து வைத்தார். இரண்டு மூடிகளையும் விரல் நுனியால் முளைத் தலைகளில் அழுத்தினார். பவுடரும் லிக்விடும் கலந்து, பசை பதம் வந்ததும் செட்டின் குழிகளில் நிரப்பினார். மாட்டினார். லேசாகக் கடித்தார். லிக்விடின் நெடி மூக்கில் ஏறியது. அக்ரிலிக் இறுகும்போது சூடாகும், ஈறு சுட்டது, பொறுத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் பார்த்து, கூடுதலாக ஒரு நிமிடமும் விட்டார். பிறகு இரண்டு கட்டைவிரலையும் செட்டின் ஓரத்தில் கொடுத்து மேலே தூக்கினார்.

வரவில்லை.

ரப்பர் புதிது, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று இன்னொரு தடவை தூக்கினார். வரவில்லை. முன்பக்கப் பட்டையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். முன்பு தொட்டால் ஆடும் செட் இப்போது தாடையிலேயே முளைத்தது போல நின்றது. அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது.

மூடிக்குக் கீழே, உருண்டைத் தலைக்கும் ஈறுக்கும் நடுவில், முளைக்கு ஒல்லியான கழுத்து ஒன்று உண்டு. வாயில் வைத்துப் பதிக்கும்போது அந்தக் கழுத்தைச் சுற்றி முதலில் ஒரு ரப்பர்த் துண்டு கோர்க்க வேண்டும். இல்லையென்றால் குழைந்த அக்ரிலிக் மூடியைத் தாண்டிக் கழுத்துக்குள் வழிந்து, அங்கேயே கல்லாகிவிடும். டாக்டர்கள் இதை மறக்க மாட்டார்கள். அவர் மறக்கவில்லை, அவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. அவர் மூடி பதித்ததெல்லாம் கல் தாடையில். அங்கே அக்ரிலிக் எங்கே வழிந்தால் என்ன, எங்கே ஒட்டினால் என்ன? கடைசியில் சுத்தியலால் ஒரு தட்டு, கல் உதிரும், செட் கையில் நிற்கும். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் வேலை செய்த ஒவ்வொரு அச்சும் உடைக்கக்கூடியதாக இருந்தது. இது அவருடைய தாடை.

மெழுகுக் கத்தியை எடுத்து இடது பக்கம் செட்டின் அடியில் கொடுத்து மெல்ல நெம்பினார். காதுக்குள் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். அக்ரிலிக்கா, எலும்பா என்று புரியவில்லை. பதறிப்போய் வலது பக்கம் கத்தியைக் கொண்டுபோனார். தொட்டதுதான் தாமதம், தாடையின் ஆழத்தில் ஒரு வலி சுரீரென்று காது வரை ஓடியது. ‘இது கைவிட்டுப் போச்சுன்னா இன்னொண்ணு வெக்க எடமில்ல.’ கத்தி கையிலிருந்து விழுந்தது.

போன் அடித்தது. மனைவி. மத்தியானம் ஒரு தடவை கூப்பிடுவது அவள் வழக்கம்.

“சாப்டீங்களா?”

“ம்.”

“என்ன ம்? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னா ஏதோ பெருசா இருக்குன்னு அர்த்தம். என்ன பண்ணித் தொலச்சீங்க?”

சொன்னார். அவள் கேட்டாள், “நாளைக்கு டாக்டரே பண்ணப்போறத நீங்க ஏங்க இன்னைக்குப் பண்ணீங்க?”

“பயமா இருந்துது.”

அவ்வளவு நேரடியாக அவர் அதை அவளிடம் சொன்னதில்லை. அவள் திட்டவில்லை. “சரி. கேளுங்க. எதையும் தொடாதீங்க. உங்களுக்குப் பயம் வந்தா கை சும்மா இருக்காது. ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு உக்காருங்க. நான் லீவு சொல்லிட்டு வர்றேன்.”

அப்படியே உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், பேன்ட் பாக்கெட்டில் இரண்டு கையும், எதிரே சுவர் நிறையப் பல் தெரியும் தாடைகள். மணி ஒன்றரை. ஈறு வீங்க ஆரம்பித்துவிட்டதா, வெறும் நினைப்பா? வலது பக்கம் துடித்தது. முளை கழன்றுவிட்டது, உள்ளே எலும்பு விரிந்துவிட்டது, இனி உதடு மரத்துப்போகும், வழியும் எச்சில்கூடத் தெரியாது, இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பக்கத்து அலமாரியில் சுத்தியல் இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். செட்டில்லாமல், முளையும் இல்லாமல், ஆடுகிற இரண்டு பல்லும் விழுந்த பிறகு மிச்ச காலமெல்லாம் கஞ்சியும் கூழுமாக ஓட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதால் தாடை அசையுமே என்று அதையும் விழுங்கினார்.

மூன்று மணிக்கு டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி எழுந்து நின்றார். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. “நெம்பிப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அவர் தலை குனிந்தார். “உக்காருங்க” என்று நாற்காலியைக் காட்டினாள்.

அதற்குள் மனைவியும் வந்துவிட்டாள். வாசற்படியிலேயே நின்றாள்.

டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். “இழுத்து எடுக்க முடியாது. செட்ட மேலேருந்து வெட்டி, மூடியச் சுத்தி அக்ரிலிக்க அறுத்துத்தான் எடுக்கணும். வெட்டுற முனை உலோகத்துல பட்டா முளை அதிரும், சூடேறும். இடது தாங்கும். வலது தாங்குமான்னு தெரியாது. மேல ஒரே ரோஸ் கலரா இருக்கு, உள்ள மூடி எந்த எடத்துல, என்ன சாய்வுல இருக்குன்னு எனக்குத் தெரியல.” அவர் முகத்தின் பக்கம் திரும்பினாள். “அத வெச்சது நீங்க. உங்களுக்குத்தான் தெரியும்.”

அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தாள். “கண்ண மூடாதீங்க. நான் வெட்டுறதப் பாத்துட்டே இருங்க. எந்தப் பக்கம் போகணும்னு விரல்ல காட்டுங்க. நிறுத்தணும்னா கைய விரிங்க. ஆடினீங்கன்னா போச்சு.”

டிரில் ஓட ஆரம்பித்தது. அவர் கண்ணை மூடத்தான் போனார். இமை பாதி இறங்கிவிட்டது. பிறகு எப்படியோ திறந்துகொண்டார்.

கண்ணாடிக்குள் ஒரு வாய். மாவில் இல்லை, மெழுகில் இல்லை. சிவப்பாக, ஈரமாக, மூச்சுக்கு மூச்சு அசைகிற வாய். நாக்கு பயந்துபோய்ப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஈறு நாடித் துடிப்போடு சேர்ந்து லேசாகத் துடித்தது. ஆனால் அந்த ரோஸ் நிறத்துக்கு அடியில் மூடி எங்கே இருக்கிறது என்பது அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. இடது மூடி நடுவிலிருந்து ஒரு நூல் அளவு நாக்குப் பக்கம். சுண்டுவிரலை அசைத்தார். டாக்டர் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம். கையை விரித்தார். டிரில் நின்றது. வெட்டிய குழியின் அடியில் உலோகம் ஊசிமுனையளவு பளிச்சிட்டது.

“சரியான எடம்” என்றாள்.

இடது பக்கம் விடுபட இருபது நிமிடம் ஆனது. வலதுக்கு வந்தபோது அவருடைய கால்கள் தாமாகவே உதற ஆரம்பித்தன. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மனைவி வாசலிலிருந்து வந்து, அவருடைய இரண்டு முழங்காலின் மேலும் தன் உடம்புக் கனத்தைப் போட்டு அழுத்திக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே உதறல், கழுத்துக்கு மேலே கல். அப்படியே கிடந்தார். வலது மூடி பின்பக்கம் சாய்ந்திருந்தது, அவசரத்தில் அப்படி வைத்துவிட்டார். அதை விரலால் சாய்த்துக் காட்டினார். ஒரு தடவை முனை உலோகத்தைத் தொட்டுவிட்டது. தாடை முழுவதும் ‘ஙீ’ என்று அதிர்ந்தது. அவர் தொண்டையிலிருந்து மிருகம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. தலை அசையவில்லை.

செட் இரண்டு துண்டாக வந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த கடைசி அக்ரிலிக் வளையத்தைக் கீறி எடுத்து, மூடியையும் கழற்றிவிட்டு, டாக்டர் வலது முளையை இடுக்கியால் மெல்லப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

“ஆடுதா?” மனைவி கேட்டாள்.

“லேசா அசையுற மாதிரி இருக்கு. ஈறு வீக்கத்தால தெரியுதா, எலும்புல விட்டுப்போச்சான்னு இப்ப சொல்ல முடியாது. ஆறு வாரம் அது மேல எதுவும் படக்கூடாது. நாக்கு உட்பட.”

நாக்கு உட்பட! அந்த ஆறு வாரத்தைச் சொல்லி மாளாது. போகாதே என்றால்தானே நாக்கு போகும். நாளுக்கு நூறு தடவை அது வலது பக்கம் கிளம்பும், அவர் பாதி வழியில் பிடித்து இழுத்துக்கொள்வார். காலையில் கண் விழித்ததும் முதல் நினைப்பு அதுதான். தலையணையில் வலது கன்னம் பட்டிருந்தால் அன்றைய பொழுது போனது. குழைய வேகவைத்ததையும் இடது பக்க முன்பல்லில் அரைத்து விழுங்கினார், நாலு கிலோ இளைத்தார். மனைவி தினமும் டார்ச் அடித்துப் பார்த்து, “இருக்கு” என்பாள். “நேரா இருக்கா?” என்பார். “நேத்து எப்படி இருந்துதோ அப்படித்தான் இருக்கு” என்பாள். அவளுக்கு என்ன தெரியும் என்று அவருக்குத் தோன்றும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியாது. வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. அலமாரியிலிருந்த தன் பழைய கல் தாடையின் உடைக்காத நகல் ஒன்றை எடுத்து அதில் புது செட் ஒன்றைச் செய்தார். முளை நிற்கும் இரண்டு இடத்திலும் குழி விட்டார். வலது குழியைக் குடையும்போது, இது தேவைப்படுமோ படாதோ என்று கை இரண்டு தடவை நின்றது.

ஆறு வாரம் முடிந்த அன்று அவரை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. செட் இருந்த டப்பாவோடு தானே வந்து நாற்காலியில் சாய்ந்தார். மனைவி பக்கத்தில் நின்றாள். டாக்டர் வாய்க்கண்ணாடியின் கைப்பிடியைத் திருப்பிப் பிடித்து இடது முளைத் தலையில் தட்டினாள். ‘டிங்.’ எலும்பு பிடித்த முளை அப்படித்தான் கணீரென்று ஒலிக்கும். பிடி விட்டதென்றால் ‘தொப்’பென்று செத்த சத்தம் வரும். இது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவள் கை வலது பக்கம் போனபோது அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

‘டிங்.’

“பிடிச்சிருக்குண்ணா. நல்லா பிடிச்சிருக்கு.”

அவர் நம்பவில்லை. “இன்னொரு வாட்டி தட்டுங்க டாக்டர்.”

தட்டினாள். ‘டிங்.’

“இன்னும் ஒரே ஒரு வாட்டி.”

மறுபடியும் அதே சத்தம். திறந்திருந்த கண்களின் ஓரத்திலிருந்து நீர் வழிந்து இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கைகள் நாற்காலியின் விளிம்பை வெளுக்கப் பிடித்திருந்தன.

“சரி எந்திரிங்கண்ணா. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க. மூடிய வர்ற வாரம் பதிச்சுக்கலாம்.”

அவர் அசையவில்லை. மடியிலிருந்த டப்பாவை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார்.

“இப்பவே பதிச்சுடுங்க டாக்டர். எந்திரிச்சுட்டேன்னா மறுபடி வந்து உக்கார மாட்டேன்.”